வலது மடிப்பு மேலே

மாட்சுமோட்டோ
ஜூன் 9

கயோ,

மழைக்காலம் தொடங்கிவிட்டது, நீ நலமா என்று ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது.

உன் பார்சல் நேற்று வந்தது. அதிலிருந்த பிளாஸ்கை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை. கூடவே வந்த ஆஸ்பத்திரிப் படிவத்தில், கையெழுத்துக்குப் பதில் போடுகிற உன் பெயர் முத்திரை சிவப்பாக, நேராக விழுந்திருந்தது. அந்தப் படிவத்தை நான்காகக் கிழித்தேன்.

ஜூலை பதினெட்டாம் தேதி என் வயிற்றில் பாதிக்கு மேல் வெட்டி எடுக்கப் போகிறார்கள். அந்த நேரத்தில், உலகத்தில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே தங்கை பரிசு அனுப்புகிறாள். நல்ல கனமான எஃகு பிளாஸ்க். மேலே பழைய மர அச்சுப் படம். குளித்துவிட்டு வந்து கழுத்தைத் துடைக்கும் பெண், நீல யுகாதா அங்கி உடுத்தியிருக்கிறாள். பார்த்ததும் அழகாகத்தான் இருந்தது. அரை நிமிடம்.

அவள் மார்பில் வலது மடிப்பு மேலே இருக்கிறது, கயோ.

யாருக்கு வலது மடிப்பை மேலே போடுவார்கள்? குழந்தைக்குக்கூடத் தெரியும். நடமாடுகிறவர்களுக்கு இடது மேலே. பெட்டியில் படுக்கவைத்து எரிக்கக் கொண்டுபோகிறவர்களுக்கு வலது மேலே. நான் சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள். நாளைக்கு அறுபது யுகாதா மடிக்கிறேன், விடுதிக்காரர்களுக்காக. என் கண்ணில் படாது என்றா நினைத்தாய்?

முதலில் பார்த்தது நான்கூட இல்லை. பார்சலைப் பிரிக்கும்போது பக்கத்து வீட்டு யோனெகுரா அம்மா இருந்தார். "அடடே, எவ்வளவு அழகு! தங்கச்சி அனுப்பிச்சாளா?" என்று கையில் வாங்கினார். பிறகு உற்றுப் பார்த்தார். பிளாஸ்கை மேசைமேல் வைத்தார், படம் சுவரைப் பார்க்கும்படி. "டீ போடட்டுமா?" என்றார். என் வீட்டில், அவர் எனக்கு டீ போட்டார். அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.

புதிய படிவம் வாங்கிக்கொள்கிறேன். 'குடும்பத்தினர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் என்னதான் செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

மிசாவோ


ட்சுபாமே
ஜூன் 13

அக்கா,

பிளாஸ்க் வந்து சேர்ந்தது. மூன்று நாளிதழ் சுற்றி, நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்டு. கோபத்திலும் பார்சலை ஒழுங்காகக் கட்டுகிற ஒரே பெண் நீதான்.

உன் கடிதத்தைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று படித்தேன். இரண்டு பேருந்தை விட்டேன். வீட்டுக்கு வந்து என் யுகாதாவை எடுத்து உடுத்திக்கொண்டு, பிளாஸ்கைக் கையில் பிடித்துக் கண்ணாடி முன் நின்றேன். கண்ணாடியில் தெரிந்த நானும் பிளாஸ்கில் இருந்தவளும் அச்சாக ஒரே மாதிரி இருந்தோம். ஆகா, அக்காவுக்குத்தான் தப்பு என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? கண்ணாடி எல்லாவற்றையும் மாற்றிக் காட்டும் என்பது நினைவுக்கு வர ஒரு நிமிடம் ஆனது. குனிந்து என் நெஞ்சைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. நீ சொல்வது எப்போதுதான் சரியில்லாமல் இருந்தது?

நடந்ததைச் சொல்கிறேன், நீ நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி. எங்கள் தொழிற்சாலையில் அந்தப் படத்தைப் பிளாஸ்குக்கு அமைத்தது நான்தான். மூலப் படத்தில் அந்தப் பெண் இடது பக்கம் பார்க்கிறாள். பிளாஸ்க் உருளை இல்லையா, அப்படியே சுற்றினால் அவள் பார்வை மூடியின் கொக்கியில் போய் முட்டியது. வாங்குகிற கடைக்காரர், "அவங்க அந்தப் பக்கம் இருக்கற பூவைப் பாத்தா நல்லாருக்குமே" என்றார். படத்தைத் திருப்பினேன். ஒரு பொத்தான், அவ்வளவுதான். ஓரத்தில் ஓவியரின் பெயர் இருந்தது, அது இடம்வலமாகத் திரும்பிவிடக் கூடாதே என்று தனியாக வெட்டி எடுத்து, நேராக ஒட்டினேன். பெயருக்கு அரை நாள் செலவழித்தேன். அவள் கழுத்துப் பக்கம் நான் பார்க்கவில்லை. பிறகு பன்னிரண்டு பேர் பார்த்து, அச்சுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

முதலில் அச்சானதை உனக்கு அனுப்பினேன். அறுவை முடிந்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை, நாள் முழுக்க, ஒவ்வொரு மடக்காகக் குடிக்கணும் என்று டாக்டர் சொன்னதாக நீதானே போனில் சொன்னாய்? அதற்காகத்தான் பிளாஸ்க். நீ செத்துப்போகணும் என்று நான் நினைத்தால் தண்ணீர் எதற்கு அனுப்புகிறேன்?

இன்னொன்று. 'குழந்தைக்குக்கூடத் தெரியும்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் தெரியும். சொல்லிக்கேட்டுத் தெரியும், கைக்குத் தெரியாது. கைக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்கு உடுத்தியது யார்? அம்மா மதியம் மூன்று மணிக்குப் போனாள். நீ எனக்குப் போன் செய்தது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. நான் மூன்று வண்டி மாறி வந்து சேர்ந்தபோது அம்மாவைப் பெட்டியில் வைத்தாகிவிட்டது, கழுத்து வரைக்கும் பூ. என்னிடம் ஒரு பூவைக் கொடுத்து, 'இதை வை' என்றாய். ஒரு பூ.

மூன்று வருஷமாக நான் இதைக் கேட்கவில்லை. நீ படிவத்தைக் கிழித்ததால் கேட்கிறேன்.

கயோ


மாட்சுமோட்டோ
ஜூன் 17

கயோ,

பன்னிரண்டு பேரும் குருடா?

என் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். புதிய படிவத்துடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த நர்ஸுக்கு உன்னைவிட இருபது வயது குறைவு. பேச்சு இப்படிப் போனது.

"குடும்பத்தினர்ங்கிற இடம் காலியா இருக்கே. யாரும் இல்லைங்களா?"

"இருக்கா."

"அப்ப அவங்க பேரை எழுதிடுங்க."

"இருக்கா, ஆனா இல்ல."

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் இப்ப எந்தக் கட்டத்துல டிக் போடட்டும்?"

பக்கத்து வீட்டு அம்மா வரலாமா என்று கேட்டேன். காத்திருக்கும் அறையில் உட்காரலாமாம். ஆனால் நான் மயக்கத்தில் இருக்கும்போது டாக்டர் வெளியே வந்து, 'நினைத்ததைவிடப் பரவியிருக்கிறது, இன்னும் வெட்டலாமா' என்று கேட்டால், ஆம், இல்லை என்று சொல்லக் குடும்பத்தில் ஒருவர் வேண்டுமாம். படிவம் ஜூலை பன்னிரண்டுக்குள் முத்திரையோடு வராவிட்டால் என் தேதியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்குப் பிறகு எப்போது என்று கேட்டேன். செப்டம்பராம். செப்டம்பர் வரை இது என் வயிற்றில் சும்மா உட்கார்ந்திருக்குமா என்று கேட்டேன். அவள், "டாக்டர்கிட்ட பேசுங்களேன்" என்றாள்.

அம்மா விஷயம். அம்மாதான் சொன்னாள், 'கயோவைத் தொந்தரவு செய்யாதே, அவளுக்குக் கண்காட்சி வேலை' என்று. அவள் சொன்னபடி செய்தேன். உனக்கு அந்த வாரம் கண்காட்சி இருந்ததா இல்லையா? அதற்கு முன் எட்டு மாதம் நீ இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. புத்தாண்டுக்குக்கூட வரவில்லை. பெட்டி நிறைய அரிசி அப்பளம் அனுப்பினாய். பல்லில்லாதவளுக்கு அரிசி அப்பளம். நான் அதைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன், கயோ அனுப்பியது என்று சொல்லி.

ஒரு பூ கிடைத்தது என்கிறாய். எனக்கு ஏழு வருஷம் கிடைத்தது. மாற்றிக்கொள்வோமா?

மிசாவோ


ட்சுபாமே
ஜூன் 22

அக்கா,

அரிசி அப்பளத்தை நீ விடவே மாட்டாய் என்று தெரியும். சரி.

நேற்று ஹொத்தாவிடம் போனேன், எங்கள் பிரிவுத் தலைவர். பிளாஸ்கை மேசைமேல் வைத்து, தவறு என்னுடையது என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆமாம்ல," என்றார். பிறகு, "சரி விடு. வாங்கப்போறது சுற்றுலாக்காரங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எங்க அக்காவுக்குத் தெரிஞ்சுது."

"உங்க அக்கா ரொம்பப் பாக்கறாங்க." அதற்குமேல் ஒரு சிரிப்பு. "செத்தவங்களுக்கும் தாகம் எடுக்குமில்ல, கயோ?"

நான் சிரிக்கவில்லை. 'என் அக்காவுக்கு அடுத்த மாதம் வயிற்றில் அறுவை, அவளுக்குத்தான் இதை அனுப்பினேன்' என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எழுந்து நின்றுவிட்டார். அச்சை நிறுத்தச் சொல்லி அவரே கீழே ஓடினார், அலுவலகத்துக்குள் போடும் செருப்பைக்கூட மாற்றாமல். இரண்டாயிரத்து நானூறு அச்சாகியிருந்தது.

கீழே போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பெட்டியில் அடுக்குகிற ஹனாதா என்ற பெண்மணி, "முதல் நாளே பாத்தேனே," என்றாள், டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"ஏன் சொல்லல?"

"கையெழுத்துப் போடறவங்க பன்னெண்டு பேரு. அந்தத் தாள்ல என் பேரு இல்லையே. யாரு கேட்டாங்க என்னை?"

அதைக் கேட்டதும் எனக்கு உன் நினைவு வந்தது. எவ்வளவு கோபமாக வந்தது என்று சொல்ல முடியாது. நம் வீட்டிலும் அப்படித்தான். பார்ப்பவள் நீ, அறிந்தவள் நீ, சுமப்பவள் நீ. கேட்காவிட்டால் சொல்லமாட்டாய், கேட்டாலும் 'ஒன்றுமில்லை' என்பாய். பிறகு ஒருநாள் அத்தனையையும் நாளிதழில் சுற்றி, முடிச்சுப் போட்டு, முகவரி எழுதி அனுப்புவாய்.

நாளை இனிப்புப் பெட்டியோடு கடைக்காரரிடம் போய் இடுப்பு ஒடியக் குனிய வேண்டும். குனிகிறேன். அது என் தவறு.

ஆனால் அம்மா 'தொந்தரவு செய்யாதே' என்றாள் என்பதை நான் நம்பவில்லை. அம்மா என்னை எத்தனை முறை தொந்தரவு செய்திருக்கிறாள்? துவைக்கும் இயந்திரம் சத்தம் போட்டால் எனக்குப் போன். தொலைக்காட்சியில் யாருக்காவது மூக்கு நீளமாக இருந்தால் எனக்குப் போன். செத்துப்போகும்போது மட்டும் அவளுக்குத் திடீரென்று என் கண்காட்சி நினைவு வந்ததாக்கும்!

ஏன் ஒரு நாள் கழித்துப் போன் செய்தாய்? உண்மையை எழுது. எழுதினால் முத்திரை போடுகிறேன். இல்லாவிட்டால் இல்லை. நான் இப்படிப் பேரம் பேசுவது அசிங்கமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேறு எந்த வழியில் கேட்டாலும் நீ சொல்லப்போவதில்லை.

கயோ


(அஞ்சலட்டை)
ஜூன் 27

நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. முத்திரையை இழுப்பறையிலேயே வைத்துக்கொள். யோனெகுரா அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். டாக்டர் ஏதாவது கேட்க நேர்ந்தால் டாக்டரே தீர்மானித்துக்கொள்ளட்டும், படித்தவர்தானே. இங்கே ஏழு நாளாக மழை. துணி காயவில்லை.
மிசாவோ


ட்சுபாமே
ஜூலை 1

அஞ்சலட்டை! இதற்கு அஞ்சலட்டை! தபால்காரர் கொடுக்கும்போது, "அக்காவுக்கு உடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்கிறார். எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டது, என் அக்கா தன் வயிற்றைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைக்கிறாள் என்று.

நீ போனை எடுப்பதில்லை. அதனால் ஆஸ்பத்திரிக்கே போன் செய்தேன். "நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?" தங்கை என்றேன். கொஞ்ச நேரம் தாள் புரட்டும் சத்தம். "மன்னிக்கணும். அவங்க படிவத்துல தங்கைன்னு யாரும் இல்லையே. நாங்க எதுவும் சொல்ல முடியாதுங்க." வயது குறைந்த குரல். உன்னிடம் டிக் போடக் கட்டம் கேட்டவளாகத்தான் இருக்கும்.

உன் படிவத்தில் நான் இல்லை. அந்த நாளிலும் நான் இல்லை. நீ என்னை இல்லாமல் ஆக்குவது இது இரண்டாவது முறை, அக்கா. முதல் முறை வாயை மூடிக்கொண்டு பூ வைத்துவிட்டு வந்தேன். இந்த முறை மாட்டேன். பன்னிரண்டாம் தேதிக்குப் பதினோரு நாள் இருக்கிறது. ஒரு கடிதம் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். நீயே கணக்குப் போட்டுக்கொள்.

கடைக்காரரிடம் போய் வந்தேன். குனிந்தேன். இனிப்பை வாங்கிக்கொண்டார். "யார் கண்டுபிடிச்சது?" என்றார். "எங்க அக்கா" என்றேன். "அவங்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

கயோ


மாட்சுமோட்டோ
ஜூலை 6

கயோ,

நீ கேட்டதற்குப் பதில். ஒரு முறைதான் எழுதுவேன். இதை மன்னிப்பு என்று படிக்காதே.

அன்று மதியம் நான் ஆப்பிள் துருவிக்கொண்டிருந்தேன். அவளால் விழுங்க முடிந்தது அது ஒன்றுதான். "கொஞ்சம் தேன் போடு" என்றாள். அதுதான் கடைசி வார்த்தை. நான் உன்னிடம் சொன்னது போல எந்தப் பெரிய வார்த்தையும் இல்லை. தேன் போட்டு எடுத்து வந்தேன். அவள் போயிருந்தாள். ஆப்பிள் பழுப்பாகும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

'கயோவைத் தொந்தரவு செய்யாதே' என்று அவள் சொல்லவில்லை. அது பொய். 'கயோ வருவாளா?' என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள், தினமும், எட்டு மாதமாக. அவளுக்குச் சோறு ஊட்டுகிறவள் நான். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பாள்.

போனைக் கையில் எடுத்தேன். உன் பெயர்தான் முதலில் இருந்தது. அழைத்தால் நீ அழுவாய். நீ அழுதால் நான் தேற்ற வேண்டும். ஏழு வருஷம் நான் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்த அம்மாவுக்காக, உன்னை நான் தேற்ற வேண்டும். கீழே வைத்தேன். ஒரு நாள் எனக்கு மட்டும் அம்மாவாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மறதி இல்லை, அவசரத்தில் விட்டுப்போனதும் இல்லை. தெரிந்தே செய்தேன்.

இதோடு நிறுத்தலாம். நீ கேட்டது இவ்வளவுதான். ஆனால் அந்தப் பிளாஸ்கை நான் ஏன் மூடிகூடத் திறக்காமல் அனுப்பினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இறுதிச் சடங்கு நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், சின்ன வயதுதான். வெள்ளை உடையை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்களே உடுத்துறீங்களா, நான் உடுத்தட்டுமா?" என்று கேட்டாள். நானே உடுத்துகிறேன் என்றேன். ஏழு வருஷமாகத் தினமும் காலையில் அம்மாவுக்கு உடை மாற்றிய கை. வலதை உள்ளே விட்டேன், இடதை மேலே கொண்டுவந்தேன், முடிச்சைப் பக்கவாட்டில் போட்டேன், படுத்தால் உறுத்தக் கூடாது என்று. கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

"மன்னிக்கணும்... இது மாத்திக் கட்டணும்," என்று கையை நீட்டினாள்.

அந்தக் கையை அடித்தேன், கயோ. பட்டென்று சத்தம் வந்தது.

"அப்படியே இருக்கட்டும்."

"இல்லைங்க, வழக்கம் வந்து..."

"எங்க அம்மாவுக்கு எப்படிக் கட்டணும்னு எனக்குத் தெரியும்."

அவள் கையைத் தடவிக்கொண்டாள். பிறகு நிறையப் பூக் கொண்டுவரச் சொன்னாள். கழுத்து வரை அடுக்கினாள், ஒரு விரல் உடைகூடத் தெரியாமல். நீ பார்த்த பூ அதற்காகத்தான். உனக்கு ஒன்று மட்டும் கொடுத்ததும் அதற்காகத்தான். நீ இரண்டு கையாலும் வைக்க ஆரம்பித்திருந்தால் ஏதாவது விலகியிருக்கும்.

அம்மா இடது மேலேயாகத்தான் நெருப்புக்குள் போனாள். மூன்று வருஷமாக ஒவ்வொரு யுகாதாவை மடிக்கும்போதும் அந்தப் பட்டென்ற சத்தம் எனக்குக் கேட்கிறது. நாளைக்கு அறுபது முறை. உன் பிளாஸ்கைப் பார்த்தபோது, யாரோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 'இப்போது உன் முறை' என்று எனக்கு எழுதி அனுப்பியது போல இருந்தது. உன் கையெழுத்தில்.

படிவம் உள்ளே இருக்கிறது. கட்டம் காலியாக இருக்கிறது. என்ன செய்வாயோ செய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். எட்டு மாதம் எட்டு மாதம்தான்.

மிசாவோ


ட்சுபாமே
ஜூலை 8

அக்கா,

படிவத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைக்கும். முத்திரை கோணலாக விழுந்திருக்கிறது. ஓங்கிக் குத்திவிட்டேன். கோபத்தில்தான், வேறெதையும் கற்பனை செய்துகொள்ளாதே. அந்த நர்ஸ் கேட்டால், 'தங்கை கோணல்' என்று சொல்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை கிழிக்கப் போனேன். இரண்டாவது முறை தேன் இருக்கும் இடத்தில் நின்றுவிட்டேன். மூன்றாவது முறை கத்தினேன், கீழ் வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையை இடித்தார். ஒரு நாள் உனக்கு மட்டும் வேண்டும் என்று நினைத்தாய். அந்த நாளில் பாதி என்னுடையது, அக்கா. நீ எடுத்துக்கொண்டாய். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் நாள் வந்தால் எழுதுகிறேன். வாசலைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பாள் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம். நானும் கேட்கப்போவதில்லை.

நான்காவது முறை படிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. கோபத்துக்கு நடுவில் வரும் பார், அந்தச் சிரிப்பு. மறு உலக ஆற்றங்கரையில் செத்தவர்கள் உடையை உருவுகிற கிழவி இருக்கிறாளே, அவள் முன் நம் அம்மா போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். இடது மடிப்பு மேலே. கிழவி, "நீ இன்னும் சாகலையே, வரிசையை விட்டு நகரு" என்றிருப்பாள். அம்மா சும்மா விட்டிருப்பாளா? "என் பெரிய மக கட்டிவிட்டது. கை வெச்சே, பாத்துக்கோ" என்று சண்டை பிடித்து, கடைசியில் அந்த உடையோடேயே ஆற்றைத் தாண்டியிருப்பாள். துவைக்கும் இயந்திரக் கம்பெனிக்காரனையே அழவைத்தவள்.

இரண்டாயிரத்து நானூறு பிளாஸ்கும் மேல்பூச்சு சுரண்டி மறுபடி அச்சாகிறது. ஹனாதாவின் பெயரைக் கையெழுத்துத் தாளில் பதிமூன்றாவதாகச் சேர்க்கவைத்தேன். அவள் படத்தை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "அவ பின்னால தொங்கற கொசுவலை மடிப்பு சரியில்ல" என்கிறாள். ஹொத்தா தலையில் கைவைத்துக்கொண்டார்.

உனக்குச் சரியான ஒன்றைக் கொண்டுவரலாம் என்றுதான் இருந்தேன். வேண்டாம். நீ திருப்பி அனுப்பினாயே, அதையே கொண்டுவருகிறேன். ஆஸ்பத்திரி அறையில் கைகழுவும் தொட்டிக்கு மேல் கண்ணாடி இருக்கும். அதன் முன்னால், படம் கண்ணாடியைப் பார்க்கும்படி வைக்கிறேன். நீ படுக்கையிலிருந்து கண்ணாடியைப் பார். அவள் சரியாகத்தான் உடுத்தியிருப்பாள்.

டாக்டர் வெளியே வந்து, இன்னும் வெட்டலாமா என்று கேட்டால், வெட்டுங்கள் என்பேன். எவ்வளவு பரவியிருந்தாலும் வெட்டுங்கள், மிச்சத்தை என்னிடம் கொடுங்கள் என்பேன். பிறகு நீ கண் விழித்து என்னோடு சண்டை போடு. நமக்கு எட்டு மாதமும் ஒரு நாளும் பாக்கி இருக்கிறது.

பதினேழாம் தேதி மூன்று வண்டி மாறி வருகிறேன். யோனெகுரா அம்மாவை வீட்டில் இருக்கச் சொல். பதினெட்டாம் தேதி காலையில், உள்ளே கொண்டுபோவதற்கு முன், உனக்கு அந்த முடிச்சுப் போடுகிற அங்கியைக் கொடுப்பார்கள். அதை நான் கட்டிவிடுகிறேன். வலது உள்ளே, இடது மேலே, முடிச்சு பக்கவாட்டில். ஒரு வேளை வண்டி தாமதமாகி நான் வந்து சேராவிட்டால், வரும் வரை யாரையும் தொட விடாதே. அந்தச் சின்ன நர்ஸ் கையை நீட்டினால் பட்டென்று ஒன்று போடு.

உனக்குத்தான் பழக்கமாயிற்றே.

கயோ